நோயாளியை யாரும் சந்தேகிப்பதில்லை

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு ஆளை நஞ்சு வைத்துக் கொல்வது மிகச் சுலபம். விடியற்காலை சுபஹுக்கு மௌத்தானால் மதிய லுஹருக்கு முந்தி அடக்கம் முடிந்துவிடும். வயிற்றைக் கிழித்துப் பார்க்கலாமா என்று யாராவது வாயெடுத்தால் ஊரே அவரை அடிக்க வரும். "கொஞ்ச நாளா வருத்தமாத்தானே கிடந்தாரு" என்று பக்கத்து வீட்டுக்காரர் நோயைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேஸ் முடிந்தது. கொலைகாரர் மையத்து வீட்டு வாசலில் கதிரைகளை அடுக்கிக்கொண்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நிற்பார்.

இது கதைக்காக யோசித்து வைத்திருக்கும் விஷயம், யாரும் பயப்பட வேண்டாம். பகலில் கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் துப்பறியும் கதை எழுதுகிறேன். இதுவரை ஒரு பத்திரிகையும் என் கதையைத் திருப்பி அனுப்பியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன மாதம் ஒரு சஞ்சிகை ஆசிரியர் போன் எடுத்தார். "மிஸ், உங்கட எல்லாக் கதையிலயும் ஆராவது ஒராள் வருத்தமாப் படுத்திருக்காங்களே, அது ஏன்? குற்றக்கதையில நோய்க்கு என்ன வேலை எண்டு ஒரு கட்டுரை எழுதித் தாங்க" என்றார். ஓம் என்றேன். பழைய நாவல்களை இறக்கி மேசையில் அடுக்கினேன். முதல் பந்தி எழுதும்போதே என் ராத்தா வந்து குறுக்கே நின்றுவிட்டார். ராத்தா என்பது என் கூடப்பிறந்த அக்கா. அவரைத் தள்ளிவிட்டு எழுதப் பார்த்தேன், முடியவில்லை. ஆகவே ஆசிரியர் கேட்ட கட்டுரை இது இல்லை. அவர் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

எனக்குக் குற்றக்கதை படிக்கப் பழக்கியதே ராத்தாதான். கல்முனை பஸாரில் ஒரு கடைக்காரர் இந்தியாவிலிருந்து வரும் மாத நாவல்களை வாடகைக்குக் கொடுப்பார். வாப்பா கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு நாவல் கொண்டுவருவார். நானும் ராத்தாவும் ஒரே பாயில் குப்புறப் படுத்துப் படிப்போம். ராத்தா முதலில் கடைசிப் பக்கத்தைப் படிப்பார். கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்ட பிறகுதான் முதல் பக்கத்துக்கு வருவார். சொல்லிவிடுவாரோ என்று நான் காதைப் பொத்திக்கொள்வேன். "முடிவு தெரியாம எப்பிடிடீ நிம்மதியா வாசிக்கிறாய்?" என்று கேட்டுச் சிரிப்பார்.

ஒரு நாவலில், சக்கர நாற்காலியில் இருந்த ஆள்தான் கொலைகாரன். யாரும் பார்க்காத நேரத்தில் எழுந்து நடப்பான். அதை முடித்த அன்று ராத்தா ஒரு விதி கண்டுபிடித்தார். "இனிப் பாரு, இருமுறவன், கட்டில்ல கிடக்கிறவன், கண் தெரியாதவன், இவங்கள்ல ஒராள்தான் செஞ்சிருப்பான். வருத்தக்காரர ஆரும் சந்தேகிக்க மாட்டாங்க" என்றார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பாதி நாவல்களில் அவர் விதி சரியாக வந்தது.

நான் எழுதத் தொடங்கிய பிறகு இன்னும் கொஞ்சம் விளங்கியது. நோய் ஆளை மறைப்பதோடு நிற்பதில்லை, கேள்வியையும் நிறுத்திவிடுகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவளிடம் நேற்று எங்கே போனாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டால், வாசகருக்கே இன்ஸ்பெக்டர் மீது கோபம் வரும். அதே நேரத்தில், காய்ச்சலில் கிடக்கிறவள் "ஜன்னலால ஒரு ஆளக் கண்டன்" என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பாவம், காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போய்விடுவார்கள். என் கதைகளில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பாவித்துப் பெயர் வாங்கியிருக்கிறேன். என் வீட்டுக்குள்ளே அவை நடந்துகொண்டிருந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது ராத்தாவுக்குக் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் ராத்தாவும் மச்சானும் வாப்பாவின் வீட்டிலேயே இருந்தார்கள். உம்மாவின் ஒரு பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தூக்கி இருத்துவதும், கழுவித் துடைப்பதும், கஞ்சி பருக்குவதும், முதுகில் புண் வராமல் திருப்பித் திருப்பிப் படுக்க வைப்பதும் என் வேலை. ராத்தாவால் அந்த மணத்தைத் தாங்க முடியாது. வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "உம்மா, சுகமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். எனக்கு அதில் குறை இருக்கவில்லை. என் உம்மா, நான் பார்த்தேன்.

அந்த நாட்களில்தான் மருதமுனையிலிருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. வழக்கத்துக்கு மாறாக, நிக்காஹ் முடிந்ததும் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். பெண் பார்க்க வந்த அன்று, எல்லாரும் இருக்கும்போதே அவர் என்னிடம், "என்ன வாசிப்பீங்க?" என்று கேட்டார். யாரும் கேட்காத கேள்வி. "துப்பறியும் கதை" என்றேன். "அப்ப நான் கவனமா இருக்கணும்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த ஒரு வசனத்தை நான் எத்தனை வருடம் வைத்திருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உம்மாவை யார் பார்ப்பது என்று வாப்பா யோசித்தார். "நான் இரிக்கன்தானே வாப்பா, அவள் போகட்டும்" என்று ராத்தா சொன்னார். நான் அந்த இடத்திலேயே அழுதேன்.

கொஞ்ச நாளில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் தனியாக வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "இஸ்திகாரா தொழுது பாத்தம், மனசுக்குச் சரிவரல்ல. குறை நினைக்காதீங்க" என்றார். ஒரு காரியத்தைச் செய்யலாமா விடலாமா என்று அல்லாஹ்விடம் வழி கேட்டுத் தொழுவதுதான் இஸ்திகாரா. அது நல்ல தொழுகை. ஆனால் எங்கள் ஊர்களில் பெண் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்வதற்கும் அந்த வார்த்தைதான். அதைச் சொன்ன பிறகு ஏன் என்று யாரும் கேட்க முடியாது. அல்லாஹ்வைக் குறுக்கு விசாரணை செய்ய யாரால் ஏலும்? வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, "அல்லாஹ்ட நாட்டம்" என்றார். ராத்தா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "இதவிட நல்லது வரும், நீ பாரு" என்றார்.

வந்தன. ஒவ்வொன்றும் வந்து பார்த்து, பலகாரம் தின்று, இஸ்திகாரா தொழுது போயின. இத்தனை பேருக்கும் அல்லாஹ் என்னைப் பற்றி ஒரே பதிலைச் சொல்கிறானே என்று எனக்கு அவன் மேலேயே கோபம் வந்தது. பிறகு வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். வாப்பா மௌத்தானார். உம்மா கட்டிலிலேயே நீண்ட காலம் கிடந்து என் கைகளில் மௌத்தானார். பின் வளவில் வாப்பா எனக்கென்று கட்டித் தந்த சிறிய வீட்டில் தனியாக இருந்துகொண்டு, காகிதத்தில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தேன். கசப்பு என்று சொல்ல முடியாது. இது எனக்கு எழுதப்பட்டது என்று நம்பியிருந்தேன். அதுதான் இப்போது அதிகம் எரிகிறது.

பிறகு ராத்தா வருத்தத்தில் விழுந்தார். வயிற்று வலி. ஒப்பரேஷன் என்றார்கள். ராத்தா படுத்த இடத்திலிருந்து, "பெரிய வருத்தமாத்தான் இரிக்கும், டொக்டர் என்னட்ட மறைக்காரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வீடு நிறைந்தது. நோய் விசாரிக்கப் போவது எங்களுக்குக் கடமை. அதனால் தோடம்பழமும் பிஸ்கட்டும் மால்ட் போத்தலும் அலுமாரி கொள்ளாமல் வந்து குவிந்தன. ஒப்பரேஷனுக்குப் போகும் முதல் நாள் ராத்தா எல்லாரையும் கட்டிலைச் சுற்றி அழைத்து மாப்புக் கேட்டார்.

இது எங்களுக்குள் ஒரு வழக்கம். ஹஜ்ஜுக்குப் போகிறவரும் மரணப் படுக்கையில் கிடப்பவரும், தெரிந்தவர்களிடமெல்லாம் பிழை பொறுக்கக் கேட்பார்கள். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும், அல்லாஹ் அதில் கை வைப்பதில்லை. கேட்டால் உடனே, "எல்லாம் ஹலால்", அதாவது எல்லாவற்றையும் பொறுத்துவிட்டேன், என்று சொல்லிவிட வேண்டும். எதற்கு என்று திருப்பிக் கேட்பது பண்பில்லை. நான் அறிய யாரும் கேட்டதும் இல்லை.

ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சோ தெரியாமலோ உனக்கு ஏதும் செஞ்சிருந்தா ஹலாலாக்கு தங்கச்சி."

"நீங்க எனக்கு என்ன ராத்தா செஞ்சீங்க? எல்லாம் ஹலால்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"இன்னொருக்காச் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

மூக்கைச் சிந்திக்கொண்டு இன்னொரு முறை சொன்னேன். எதிர்வீட்டு மாமி, "அல்ஹம்துலில்லாஹ், இப்பிடியெல்லோ சகோதரங்கள் இருக்கணும்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

ராத்தாவின் பித்தப்பையில் கல் இருந்தது. எடுத்தார்கள், சுகமாகி வந்துவிட்டார். சந்தோசத்துக்குக் கொஞ்சம் வட்டிலப்பம் கொண்டுவந்து தந்த மச்சான், "டொக்டர் முதலே சொன்னவருதான், சின்ன ஒப்பரேஷன், பயப்பிட ஒண்டுமில்லையெண்டு" என்றார். நான் வட்டிலப்பத்தைத் தின்றேன். என் கதையில் ஒரு பாத்திரம் இப்படி வாய் தவறிச் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் அத்தியாயத்தையே நிறுத்தி வாசகரைத் தவிக்க விட்டிருப்பேன். மச்சான் சொன்னபோது எனக்கு வட்டிலப்பத்தில் இனிப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்பது மட்டும்தான் தோன்றியது.

இந்த வருடம் என்னோடு படிப்பிக்கும் ஒரு டீச்சரின் மகளுக்கு மருதமுனையில் கலியாணம். பெண்கள் பக்கத்தில் ஒரு சகனை, பெரிய சோற்றுத் தட்டை, சுற்றி நாங்கள் ஆறு பேர் ஒன்றாய் இருந்து சாப்பிட்டோம். எனக்கு எதிரே இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இறைச்சித் துண்டை என் பக்கமாகத் தள்ளிவிட்டு, மெல்லிய குரலில், "இப்ப உங்களுக்கு அந்த வலிப்பு வாறல்லையா? மருந்து குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். குரலில் உண்மையான அன்பு இருந்தது.

ஆள் மாறிக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் அந்தக் கொழும்பு மாப்பிள்ளையின் தங்கச்சி. சோற்றில் கையை வைத்தபடி, "எனக்கு வலிப்பு எண்டு ஆரு சொன்னது?" என்று கேட்டேன்.

"உங்கட ராத்தாதான். நாங்க விசாரிக்க வந்த நேரம், மறைக்காமச் சொன்னா. கலியாணத்துக்குப் பிறகு தெரிய வந்தா ரெண்டு பக்கத்துக்கும் பாவம் எண்டு சொல்லி அழுதா. அப்பிடியொரு நல்ல மனுசிக்கு எங்கட உம்மா எவ்வளவு துஆச் செஞ்சா தெரியுமா? உங்கட பேர் கெட்டுப்போயிரும் எண்டுதான் இஸ்திகாரா எண்டு சொல்லி விட்டம்."

கை கழுவியதும் ஊர் திரும்பியதும் எனக்கு நினைவில் இல்லை. வலிப்பு வந்தவர்கள் கலியாணம் கட்டிப் பிள்ளை குட்டியோடு வாழ்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் வகுப்பிலேயே ஒரு பிள்ளை மருந்து குடித்துக்கொண்டு முதலாம் ஆளாக வருகிறது. அது ஒரு குற்றமே இல்லை. ஆனால் எனக்கு அது இல்லை. சின்ன வயதில் ஒரே ஒரு தரம் காய்ச்சல் கூடிக் கை கால் இழுத்ததாம். அப்போது ஓடிப்போய் கதவுத் திறப்பை, சாவியை, கழற்றி வந்து, இரும்பு பட்டால் நிற்கும் என்று என் கைக்குள் திணித்து, கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அழுதது ராத்தாவாம். உம்மா நல்லாயிருந்த காலத்தில் அடிக்கடி சொல்வார். அந்தத் திறப்பைப் பிடித்த கையாலேயேதான் ராத்தா என் வாழ்க்கையைப் பூட்டியிருக்கிறார்.

நேரே வளவின் முன்னால் இருந்த ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். ராத்தா சுளகில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு வலிப்பெண்டு மருதமுனை ஆக்களுக்குச் சொன்னீங்களா?"

இலை உருவும் கை நின்றது. அப்புறம் திரும்ப உருவியது. "ஆரு சொன்ன?"

"சொன்னீங்களா இல்லையா?"

"அது எத்தின வருசத்துக் கதை."

"ஏன்?"

நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, வெட்கம் இல்லை. அரிசி முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார்: "நீ கொழும்புக்குப் போனா உம்மாவ ஆரு பாக்கிற? என்னால அந்த நாத்தம் ஏலாது எண்டு உனக்குத் தெரியும். பொய்யும் இல்லையே, உனக்கு ஒருக்கா இழுத்துதானே. ஒராளுக்குத்தான் சொன்னன். மத்த ஆக்களுக்கு நான் சொல்லல்ல, ஊர் சொல்லியிரிக்கும்."

"அப்ப வாப்பாட்ட 'நான் இரிக்கன், அவள் போகட்டும்' எண்டு சொன்னீங்களே?"

"அதுக்கு முதலே அவங்களுக்குச் சொல்லிட்டன்."

முடிவைப் படித்துவிட்டுத்தான் ராத்தா முதல் பக்கத்துக்கு வந்திருக்கிறார். நான் அழுத அழுகை முழுவதும் அவருக்கு முன்பே தெரிந்த கதை. அதுவரை அவரை ஒரு நாளும் 'நீ' என்று சொல்லாத நான், "நீ எனக்கு ராத்தாவே இல்ல" என்று கத்தினேன். சுளகை எடுத்து எறிந்தேன். முருங்கை இலை எல்லாம் சிதறியது. மதிலுக்கு மேலால் தலைகள் தெரிந்தன.

ராத்தா சத்தமே போடவில்லை. "நீதான் அண்டைக்கு எல்லார்ட முன்னாலயும் ஹலாலாக்கிட்டியே. ரெண்டு தரம் சொன்னாய். இப்ப என்னத்துக்கு வந்து கேக்கிறாய்?" என்று சொல்லிவிட்டு, குனிந்து இலைகளைப் பொறுக்கினார்.

தெரியாமல் கொடுத்த மன்னிப்பு செல்லுமா என்று ஒரு மௌலவியிடம் கேட்கலாம். நான் கேட்கவில்லை. செல்லும் என்று அவர் சொல்லிவிட்டால் எனக்குப் போக இடமில்லை. மன்னித்தேன் என்ற வார்த்தை என்னிடம் இருந்த பெரிய பொருள். ராத்தா கேட்டு வந்து, விளக்கிச் சொல்லி, காலில் விழ வேண்டாம், கண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தால், ஒருவேளை ஒரு நாள் நானே கொடுத்திருப்பேன். அதைக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஏமாற்றி வாங்கிவிட்டார். கொழும்பு போனதைவிட, கலியாணம் போனதைவிட, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் எதிர்வீட்டு மாமி தோடம்பழப் பையோடு என் வீட்டு வாசலில் நின்றார். பின்னால் இன்னும் இரண்டு பேர், கையில் பிஸ்கட் பெட்டி, மால்ட் போத்தல். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே வந்து கதிரையில் இருந்து, என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார் மாமி.

"எப்பிடிப் புள்ள இரிக்கி இப்ப?"

"எனக்கு என்ன மாமி? நல்லாத்தான் இரிக்கன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் பல தரம் எழுதியிருக்கிறேன். போர்வையை இழுத்து மூடிவிடுகிறவர்களின் பார்வை.

"உங்கட ராத்தா சொன்னா, அந்தப் பழைய வருத்தம் திரும்பி வந்திட்டாம். நாங்களும் நேத்துச் சத்தம் கேட்டம்தானே. சுளகெல்லாம் தூக்கி எறிஞ்சீங்களாம். மூளையில ஏறினா அப்பிடித்தானாம், என்ன கதைக்கிற எண்டு தெரியாதாம்."

எனக்கு வருத்தம் இல்லை என்றேன். ராத்தா செய்ததை முதலிலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்தது. உயர உயர மாமியின் முகத்தில் இரக்கம் கூடியது. "ஓம் புள்ள, ஓம் புள்ள" என்று தலையாட்டிக்கொண்டே என் முதுகைத் தடவினார். ஒரு தோடம்பழத்தை உரித்து, சுளையை என் கையில் வைத்தார். போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. வருத்தக்காரி கோவத்துல சொன்னத ஆரு மனசுல வெப்பா? உங்கட ராத்தா எல்லாத்தையும் உங்களுக்கு ஹலாலாக்கிட்டாவாம்."